பல்பை அணைத்த அண்ணாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

பிள்ளைகளுக்குக் கணினியும் விஞ்ஞானமும் சொல்லித்தரும் கொட்டாஞ்சேனைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு வணக்கம்.

தைப்பொங்கல் கழிந்து தொடங்கிய வகுப்பின் முதல் சுற்று, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு முடிந்தது. தரம் 3 முதல் 5 வரை, 22 பிள்ளைகள். ஒவ்வொரு வீடாக வந்து நன்றி சொல்ல ஆசைதான், முடியவில்லை.

மண்டபம் தருவதாகச் சொன்ன இடம் முதல் நாள் மாலையில் கைவிரித்துவிட்டது. பெயர் வேண்டாம். அன்றிரவே தன் மேல்மாடியைக் கூட்டித் துடைத்துத் தந்த மாமிக்கு முதல் நன்றி. ஒவ்வொரு சனியும் தேத்தண்ணியும் அவர் கையால்தான்.

எங்களிடம் இருந்தவை இரண்டு பழைய லெப்டொப். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி அதற்கெல்லாம் அசரவில்லை. பெட்டி அட்டைகளை வெட்டி ‘ஓர் அடி முன்னே’, ‘வலப்பக்கம் திரும்பு’, ‘நில்’ என்று தமிழில் எழுதிக் கொண்டுவந்தார். ஒரு பிள்ளை ரோபோ, மற்றவர்கள் அட்டைகளை வரிசையாக அடுக்க வேண்டும். ரோபோ நேரே போய்ச் சுவரில் முட்டியது. எல்லோரும் சிரிக்க, ஒரு சின்னவள் மட்டும், “அவன்ட பிழை இல்ல, நாங்கதான் நில்லுன்னு சொல்லல்ல” என்றாள். கணினி சொன்னதை மட்டும்தான் செய்யும் என்பது எனக்கு உறைக்க வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆனது! அப்புறம் லெப்டொப்பில், திரையில் ஒரு பூனைக்குக் கட்டளைகளை அடுக்கிக் கொடுத்து நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச் மென்பொருளைத் திறந்தோம். இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட்டும் தேவையில்லை. பூனை திரையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டபோது யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அட்டையில் செய்த மாதிரியே கட்டளைகளைத் திரும்பப் பார்த்தார்கள்.

ஒரு கிலோ சீனிக்குக் காசு வாங்காத கடை முதலாளிக்கும் நன்றி. இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானில் உருவாக்கி, 2019இல் விண்ணுக்குப் போன இராவணா-1 செய்மதியின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். சீனிப் பையைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிப் பார்த்தார்கள். “இப்ப அது எங்க, சேர்?” வளிமண்டலத்தில் எரிந்துவிட்டது என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சீனி தேத்தண்ணிக்குப் போனது.

காலிமுகத்திடலுக்குத் தன் தொலைநோக்கியைத் தோளில் சுமந்து வந்த ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஐயாவுக்கு என்ன சொல்ல? வியாழனையும், 1610இல் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலவுகளையும் பிடித்துத் தந்தார். பக்கத்து இறால் வடை வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. நாங்கள் கேட்கவே இல்லை. வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் அந்த அண்ணா தானாகவே பல்பை அணைத்துவிட்டு, தானும் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். அவர் தமிழ் வாசிப்பாரோ தெரியாது, அடுத்த முறை போய்ச் சிங்களத்தில் சொல்கிறோம்.

ஏப்ரல் 7ஐ ஒட்டிய நாட்களில் கொழும்பில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அதையொட்டிய சனிக்கிழமை நண்பகல் 12.12க்கு மொட்டைமாடியில் தண்ணீர்ப் போத்தலை நிறுத்தினோம். நிழல் போத்தலின் அடியிலேயே ஒளிந்துகொண்டது. ஒருவன் தன் காலடியைப் பார்த்து, “என்ட நிழல் செருப்புக்குள்ள போயிட்டு!” என்று கத்தினான். செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு முறை வரும், இப்போதே நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டார்கள்.

புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிற ஆண்டிலும் பிள்ளையை வகுப்புக்கு விட்ட அம்மாமாருக்குத் தனியாக நன்றி. பக்கத்து வீட்டுப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு அனுப்பினீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆசிரியர் ஐயா, ஒரு விஷயம். தொலைநோக்கியின் மூடி காலிமுகத்திடலில் எங்கேயோ விழுந்துவிட்டது. புறக்கோட்டைக் கடைகளில் வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைத்ததும் கொண்டுவந்து தருகிறேன்.