தனக்கு மிஞ்சித்தான் தானமா? டல்லாஸ் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் டல்லாஸில் உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னீர்கள்: "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும், மச்சான். நம் எல்லையைக் காக்கத் துப்பில்லை, உக்ரைனுக்கு மட்டும் 6,000 கோடி டாலரைத் தூக்கிக் கொடுத்தார்கள்." நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தங்கை பழத்தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்துப் பேச்சை மாற்றிவிட்டாள். அவள் செய்தது சரிதான். விருந்துக்குப் போன இடத்தில் வழக்குப் பேசக் கூடாது. ஆனால் ஸ்க்ரான்டன் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. இதே வார்த்தைகளை இங்குள்ள பல தமிழ் வீடுகளில் கேட்கிறேன் என்பதால், உங்கள் அனுமதியோடு பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உக்ரைனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கூடாது என்பது உங்கள் கட்சி. உங்கள் கட்சியைப் பேசுகிறவர்களிலும் மனசாட்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள். உங்களை என் பக்கம் இழுப்பதற்காக இதை எழுதவில்லை. என் கோபம் வேறு. 2023 அக்டோபர் 20 அன்று அன்றைய அதிபர் பைடன் உக்ரைனுக்கு அவசர உதவி என்று நாடாளுமன்றத்திடம் கேட்டார். 2024 ஏப்ரல் 24 அன்றுதான் அது நிறைவேறி அவர் கையெழுத்திட்டார். இடையில் ஆறு மாதம் ஓடியது. அந்த ஆறு மாதமும் நாடாளுமன்றம் 'உண்டு' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பதில் வராமல் காத்திருப்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கிரீன் கார்டு வரிசையில் பன்னிரண்டு வருடம் நின்றீர்கள். வீடு வாங்கலாமா, வேலை மாறலாமா, அப்பாவின் காரியத்துக்கு ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமா என்று ஒவ்வொன்றுக்கும் தவித்தீர்கள். "கிடையாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு திருச்சியில் போய்ப் பிழைத்திருப்பேன், மச்சான்" என்று எத்தனை முறை என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்! கிடையாது என்று தெரிந்தால் மனிதன் அதற்கேற்ப ஏதாவது செய்துகொள்வான். பார்க்கலாம் என்றால் நம்பிக் கிடப்பான்.

அப்படி நம்பிக் கிடந்தவர்கள் கிழக்கு உக்ரைனில் அவ்தீவ்கா என்ற ஊரில் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். அன்றைய சிஐஏ இயக்குநர் வில்லியம் பர்ன்ஸ் 2024 ஏப்ரல் 18 அன்று ஒரு கூட்டத்தில் பேசினார். உங்கள் டல்லாஸில்தான், புஷ் நூலகம் இருக்கும் அந்த வளாகத்தில். 2,000 பேருக்கு மேல் உள்ள ஓர் உக்ரைன் படைப்பிரிவுக்கு நாளொன்றுக்கு மொத்தம் 15 பீரங்கிக் குண்டுகள்தான் இருந்தன என்று அங்கே சொன்னார்.

நான் ஸ்க்ரான்டனில் இருப்பதால் அந்த 15 என்ற எண் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை. அந்தக் குண்டுகளின் இரும்பு உடல் செய்யப்படும் ஆலை எங்கள் ஊர் நடுவிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கக் கட்டிய பழைய செங்கல் கட்டடங்கள். வேலைக்குப் போகும்போது தினமும் அதைக் கடந்துதான் போகிறேன். உள்ளே நீண்ட எஃகுத் தண்டுகளைத் துண்டு போட்டு, ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் வரை பழுக்கக் காய்ச்சி, அழுத்தி நீட்டி, கூர் வைத்து அனுப்புகிறார்கள். ஐயோவாவில் வெடிமருந்து நிரப்புகிறார்கள். நிரப்பிய குண்டு ஒன்று சுமார் 45 கிலோ. 15 குண்டுகளை நம் ஊர்க் குட்டி யானை வண்டியில் ஒரே நடையில் ஏற்றிவிடலாம். ஒரே ஒரு பீரங்கி வேகமாகச் சுட்டால் நான்கைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். 2,000 பேர் அதை வைத்துக்கொண்டு ஒரு பகலையும் ஓர் இரவையும் ஓட்ட வேண்டும். எதிரி ஒன்றுக்கு ஐந்து சுடுகிறான், விரைவில் அது ஒன்றுக்குப் பத்து ஆகிவிடும் என்று ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கத் தளபதி கவோலி அதே ஏப்ரலில் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சி சொன்னார்.

2024 பிப்ரவரி 13 அன்று செனட் இரவு முழுவதும் விழித்திருந்து உக்ரைன், இஸ்ரேல், இந்தோ-பசிபிக் எல்லாவற்றுக்குமான 9,500 கோடி டாலர் மசோதாவை 70க்கு 29 என்று நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு நாள் கழித்து விடுமுறைக்குக் கலைந்தது. பிப்ரவரி 17 அன்று அவ்தீவ்கா விழுந்தது. குண்டு இருந்திருந்தால் அந்த ஊர் நின்றிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உக்ரைன் பக்கமும் தவறு உண்டு. படைக்கு ஆள் சேர்க்கும் சட்டத்தில் 4,000க்கும் மேற்பட்ட திருத்தங்களைக் குவித்து மாதக்கணக்கில் அவர்களும்தான் இழுத்தடித்தார்கள். ஆனால் அமெரிக்கா தராது என்று நவம்பரிலேயே தெரிந்திருந்தால், எந்த ஊரை விடுவது, எங்கே பின்வாங்கி அரண் கட்டுவது என்று ஒரு தளபதி கணக்குப் போட்டிருப்பார்.

உக்ரைன் அந்தச் சட்டத்தை ஒருவழியாக நிறைவேற்றிய ஏப்ரல் 11 அன்றே கீவுக்குத் தெற்கே உள்ள ட்ரிபில்லியா அனல்மின் நிலையத்தின் மீது ரஷ்யா 11 ஏவுகணைகளை வீசியது. முதல் ஏழை வீழ்த்தினோம், மீதி நான்கு நிலையத்தை அழித்துவிட்டன, எங்களிடம் தடுக்க ஏவுகணை தீர்ந்துவிட்டது என்றார் ஜெலென்ஸ்கி. ஏழு வரை இருந்தது, எட்டாவதுக்கு இல்லை! ஆறு நாள் கழித்துச் செர்னிஹிவ் நகரில் மூன்று ஏவுகணைகள் விழுந்து 18 பேர் இறந்தார்கள். வாஷிங்டனில் வாக்கெடுப்பு நடந்தது ஏப்ரல் 20.

இப்போது எல்லைக்கு வருகிறேன். உங்கள் வாதத்தில் எனக்கு மிகவும் மதிப்புள்ள பகுதி அது. 2023 டிசம்பரில் மட்டும் தெற்கு எல்லையில் அனுமதியின்றி வந்து பிடிபட்டவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,50,000. டெக்சாஸில் இருக்கிற நீங்கள் கவலைப்பட்டதில் தவறே இல்லை. "எல்லையைச் சரிசெய், பிறகு உக்ரைன்" என்று குடியரசுக் கட்சி கேட்டதும் நியாயமான பேரம்தான். பேரம் நடந்தது. ஓக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் லாங்ஃபோர்ட் நான்கு மாதம் உட்கார்ந்து பேசினார். அவர் குடியரசுக் கட்சிக்காரர், பழமைவாதி, மதபோதகராக இருந்தவர். அவரை யாரும் எல்லையில் இளகியவர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வாரத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 5,000 பேருக்கு மேல் வந்தால் எல்லையை அடைத்தே ஆக வேண்டும் என்ற விதி, புகலிட விதிகளில் கடுமை, சுமார் 2,000 கோடி டாலர் என்று வாங்கிக்கொண்டு வந்தார். எல்லைக் காவலர்களின் தொழிற்சங்கமே ஆதரித்தது. பிப்ரவரி 4 அன்று மசோதா வெளியானது. அப்போது மறுபடி அதிபர் தேர்தலில் நின்றுகொண்டிருந்த டிரம்ப் வேண்டாம் என்றார். பிப்ரவரி 7 அன்று அது செனட்டில் செத்தது. லாங்ஃபோர்டின் கட்சியில் அவரையும் சேர்த்து நான்கு பேர்தான் ஆதரவாக வாக்களித்தார்கள்.

மாப்பிள்ளை, பூட்டு வேண்டும் என்று கேட்டவர்கள், பூட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தவரைத்தான் வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். உங்கள் எல்லைக் கவலையை யாரோ தங்கள் தேர்தலுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். உங்களுக்கு வர வேண்டிய கோபம் என்னுடையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

சரி, வாக்கெடுப்பு ஏன் தள்ளிப்போனது? ஆதரவு இல்லாமலா? கடைசியில் உக்ரைன் மசோதா 311க்கு 112 என்று நிறைவேறியது. 218 போதுமானது. ஜனநாயகக் கட்சியில் 210 பேர், குடியரசுக் கட்சியில் 101 பேர். உதவிக்கு ஆதரவாகப் பெரும்பான்மை முன்பே இருந்தது என்பதே என் துணிபு. ஆனால் எந்த மசோதா சபைக்கு வரலாம் என்பது சபாநாயகர் கையில். சபையில் பெரும்பான்மையாக உள்ள தன் கட்சியிலேயே பாதிக்கு மேல் விரும்பாததை அவர் எடுப்பதில்லை என்பது குடியரசுக் கட்சியில் நெடுநாள் வழக்கம். கட்சியில் ஒரு சிலரைப் பகைத்துக்கொண்டாலே என்ன ஆகும்? 2023 அக்டோபர் 3 அன்று அப்போதைய சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியை 216க்கு 210 என்று பதவியிலிருந்தே இறக்கிவிட்டார்கள். அப்போதைய விதிப்படி ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து தீர்மானம் கொடுத்தாலே போதும். அடுத்து வந்த மைக் ஜான்சனுக்கு நாற்காலியின் நான்கு காலும் ஆடிக்கொண்டிருந்தன. அந்த ஆட்டத்துக்குத்தான் இத்தனை மாதம் போனது.

ஆனாலும் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் நான் நியாயமாக நடந்தவன் ஆக மாட்டேன். ஏப்ரலில் அவர் மனம் மாறினார். அமெரிக்கப் பிள்ளைகளை அனுப்புவதைவிட உக்ரைனுக்குத் தோட்டா அனுப்புவது மேல் என்றார். தன் மகன் அந்த ஆண்டு கடற்படைக் கல்லூரியில் சேரப்போவதையும் சொன்னார். உக்ரைன், இஸ்ரேல், இந்தோ-பசிபிக் என்று ஒரே மூட்டையாக இருந்ததைப் பிரித்துத் தனித்தனி வாக்கெடுப்புக்கு விட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உறுப்பினரும் பெயர் போட்டுப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பதவி போகலாம் என்று தெரிந்தே செய்தார். மே மாதம் அவரை இறக்கத் தீர்மானமும் வந்தது, தோற்றது. நவம்பரிலேயே அவர் இதைச் செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆற்றாமை.

அப்படிப் பிரித்ததால்தான் இஸ்ரேல் மசோதாவை 37 ஜனநாயகக் கட்சியினரும் 21 குடியரசுக் கட்சியினரும் எதிர்க்க முடிந்தது. காசாவில் மடியும் குழந்தைகளைக் காட்டி எதிர்த்தவர்களை நான் மதிக்கிறேன். முள்ளிவாய்க்காலைப் பார்த்த தமிழனுக்கு, போர் நடத்தும் அரசுக்கு ஆயுதம் என்ற பேச்சே நெஞ்சில் குத்தும். நண்பன் என்ற ஒரே சொல்லுக்காக எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடு என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்து, காரணத்தைச் சொல், வாக்கைப் போடு என்றுதான் கேட்கிறேன்.

இது முடியாத காரியமும் அல்ல. 1941இல் பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுக்கும் கடன்-குத்தகைச் சட்டம் வந்தபோது சண்டை இதைவிட மூர்க்கமாக நடந்தது. நான்கில் ஓர் அமெரிக்க இளைஞனை மண்ணோடு உழுது புதைக்கும் திட்டம் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சிக்காரரான செனட்டர் வீலர் ஏசினார். ஆனால் ஜனவரி 10 அன்று வந்த மசோதா மார்ச் 11 அன்று சட்டமாகிவிட்டது. பிரதிநிதிகள் சபையில் 260க்கு 165, செனட்டில் 60க்கு 31. முந்தைய நவம்பரில்தான் அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றிருந்தார் குடியரசுக் கட்சியின் வெண்டல் வில்கி. அவர் குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் கட்சித் தலைவர்கள் முகம் சுளிக்க, செனட் குழு முன் அந்த மசோதாவை ஆதரித்துச் சாட்சி சொன்னார். என்ன மனிதர்! அவர் படத்தை எங்காவது பார்த்தால் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

மறுத்த கதையும் உண்டு. 1975 ஏப்ரல் 10 அன்று அதிபர் ஃபோர்ட் தென் வியட்நாமுக்கு 72.2 கோடி டாலர் ராணுவ உதவி கேட்டார். ஒரு வாரத்தில் செனட் குழு மறுத்தது. அம்மாதம் 30 அன்று சைகோன் விழுந்தது. மறுத்தது சரியா தவறா என்று இன்றும் சண்டை போடலாம். ஆனால் மறுத்தது யார், என்றைக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

இனி அந்தத் தானம். அந்த 6,084 கோடி டாலரில் ஏறத்தாழ 2,300 கோடி, அமெரிக்க ராணுவம் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததற்கு ஈடாகப் புதிய ஆயுதம் வாங்க. சுமார் 1,380 கோடி உக்ரைனுக்காக ஆயுத ஆலைகளில் வாங்க. இன்னும் 1,100 கோடிக்கு மேல் அந்த வட்டாரத்தில் அமெரிக்கப் படைகளுக்கான செலவு. உக்ரைன் அரசு கையில் கிடைக்கும் பொருளாதார உதவி 950 கோடி போல, அதையும் கடன் என்றுதான் எழுதினார்கள், பிறகு தள்ளுபடி செய்யலாம் என்ற சலுகையோடு. மொத்தத் தொகையே அந்த ஆண்டு அரசுச் செலவில் ரூபாய்க்கு ஒரு பைசாவுக்கும் கீழே. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் மெஸ்கீட்டில் 2024 மே மாதம் திறந்தார்களே புதிய குண்டு ஆலை, அதற்கும் இந்தப் போர்தான் காரணம். வேலை கிடைக்கிறது என்பதற்காகக் குண்டு செய்யலாம் என்று வாதாட எனக்கு மனம் வராது. அதைத் தானம் என்று சொல்லாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். ஆகவே அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள். அந்தக் கேள்வியில் நானும் உங்களோடு நிற்கிறேன்.

வரும் நவம்பரில் குடிமகனாக முதல்முறை வாக்களிக்கப் போகிறீர்கள். யாருக்கு என்று நான் சொல்ல மாட்டேன். தங்கையும் உங்களிடம் கேட்க மாட்டாள். உங்கள் தொகுதி வேட்பாளர் கூட்டம் போட்டால் போய் உட்கார்ந்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அடுத்த முறை ஒரு நாடு அவசரம் என்று கேட்டு, சபாநாயகர் அதை அமுக்கி வைத்தால், வாக்கெடுப்பைக் கட்டாயமாக்க வேண்டிய 218 கையெழுத்துகளில் உங்கள் கையெழுத்தும் இருக்குமா? வாக்கெடுப்பில் நீங்கள் 'வேண்டாம்' என்று போட்டாலும் சரி, முதலில் அது சபைக்கு வர விடுவீர்களா?

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் எல்லோருமாக இங்கே வாருங்கள். ரயில் அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எஞ்சின்கள் இருக்கின்றன, மருமகனுக்குப் பிடிக்கும். அதன் பக்கத்தில்தான் அந்தச் செங்கல் ஆலையும்.

அன்புடன்,
உங்கள் மச்சான்
ஸ்க்ரான்டன், பென்சில்வேனியா