குருநகர் அண்ணருக்கு நன்றி

கடந்த தவக்காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து எங்கள் அம்மா 19 நாட்கள் வைத்தியசாலையில் படுத்திருந்தபோது, ஒவ்வொரு காலையும் குருநகரிலிருந்து சைக்கிளில் கஞ்சிப் போத்தலுடன் வந்து நின்ற அண்ணருக்கு இந்த நன்றியை எழுதுகிறேன். பெயரை எழுதக் கூடாதென்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் எழுதவில்லை.

அவருக்குத் திக்குவாய், முன்கோபமும் உண்டு. முதல் நாளிலேயே அவராகச் சொன்னவை இவை. மூன்றாம் நாள் வாசலில் வரிசையை முந்திய ஒருவரோடு வாக்குவாதப்பட்டு, மறுநாள் அதே மனிதரின் தகப்பனாருக்கும் சேர்த்து இன்னொரு போத்தல் கஞ்சி கொண்டுவந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வர வெகுநேரம் எடுத்தது. அந்த மனிதரும் பொறுமையாகக் காத்து நின்றார்.

இயேசு சீடரின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து பெரிய வியாழன் திருப்பலியில் குருவானவர் பாதம் கழுவும் 12 பேரில் ஒருவராக அமரும்படி கேட்டபோது, தன் கோபத்துக்கு அந்த வாங்கு சரிவராது என்று மறுத்துவிட்டாராம். அன்று காலைதான், அம்மாவின் காலில் காய்ந்திருந்த மருந்துக் கறையை வெந்நீரில் துணி நனைத்து, விரலிடுக்குகள் வரை துடைத்துவிட்டிருந்தார். அந்த மறுப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. நாவு மந்தம் என்று தயங்கிய மோசேயைத்தானே கடவுள் பார்வோனிடம் அனுப்பினார் என்று அம்மா கேட்டதற்கு, மோசேக்குப் பேச ஆரோன் இருந்தாரே என்று திக்கித் திக்கிச் சொல்லிச் சிரித்தார்.

அம்மா இப்போது முற்றம் வரை நடக்கிறார். அண்ணை, உங்களுடைய நீல மூடிப் போத்தல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எடுக்க வரும் நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கவேண்டும்.