எங்க நாட்டுப்புறப் பாட்டைத் திருடி ஏத்தி விக்கிறவங்க மேல நடவடிக்கை எடுக்கக் கோரி மனு

மாவட்ட காவல் கண்காணிப்பாளர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

அய்யா, நான் கேசட் காலத்துலேர்ந்து நாட்டுப்புறப் பாட்டு ரெக்கார்டிங் பண்ணி வெளியிடுறேன், சின்ன ஆடியோ கம்பெனிதான். போன ஆடிக்கு முன்னாடி மாரியம்மன் பாட்டு எட்டு எடுத்தோம், பாடுனது அறுபது வயசு தாண்டுன ஒரு அக்கா, நூறு நாள் வேலைக்குப் போறவங்க, கூட உறுமி, பம்பை, தவில்னு அஞ்சு பேரு, ஸ்டுடியோ வாடகை சாப்பாடு வண்டிக் காசு எல்லாம் சேர்த்து 42 ஆயிரம் ஆச்சு, வர்ற காசுல பாதி அக்காவுக்குன்னு எழுதியே கொடுத்திருக்கேன். யூடியூப்ல போட்ட மறுநாளே ஒரு டவுன்லோடு சைட்டுல எட்டு பாட்டும் கிடக்குது.

அதே வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு செல்போன் கடையில 50 ரூபாய்க்கு மெமரி கார்டு நிறைய இந்த மாதிரி பாட்டை ஏத்திக் கொடுக்குறாங்க. நானே ஒண்ணு ஏத்தி வாங்கிட்டு வந்து போட்டுப் பார்த்தேன். பாடுனவங்க பேரு வர்ற இடத்துல அந்த சைட்டு பேரு ஓடுது, படத்துல அக்கா முகத்து மேலயே அவங்க லோகோவை ஒட்டி வச்சிருக்காங்க. மனசு விட்டுப் போச்சுங்கய்யா.

அக்கா பக்கத்து ஊரு கோயில் பொங்கலுக்குப் போயிருக்காங்க, மைக்செட்டுல ராத்திரி பூரா இவங்க குரல்தான். மறுநாள் போன் பண்ணி "தம்பி, ஊரெல்லாம் என் பாட்டுதான் ஓடுது, எனக்கு ஒண்ணும் வரலையே"ன்னு கேட்டாங்க. நேர்ல போய் கணக்கைக் காட்டுனேன், மொத்தமா வந்தது 1,900 ரூபாய். அடுத்த ரெக்கார்டிங்குக்கு என்கிட்ட காசு இல்லைங்க.

ஸ்டேஷனுக்குப் போனா, இது சிவில் மேட்டர் கோர்ட்டுக்குப் போங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. 1957 காப்பிரைட் சட்டம் 63-வது பிரிவுல 6 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அபராதம் 2 லட்சம் வரை, இது போலீஸே நேரடியா கேஸ் போடக்கூடிய ஜாமீன்ல விடமுடியாத குத்தம்னு சுப்ரீம் கோர்ட்டு 2022 மே மாசமே சொல்லிருச்சு, 64-வது பிரிவுப்படி எஸ்.ஐ. அய்யாவே வாரண்ட் இல்லாம திருட்டுக் காப்பியைப் பறிமுதல் பண்ணலாம். சினிமாவையும் சினிமா பாட்டையும் திருடுறவங்களை 2004-ல குண்டர் சட்டத்துக்குள்ளயே கொண்டு வந்தாங்க, சினிமாக்காரங்களுக்குக் கேக்க ஆளிருக்கு. நாங்க அவ்வளவு கேக்கல, இருக்குற சட்டத்தை எங்களுக்கும் எடுங்கன்னுதான் கேக்குறோம்.

அதனால என் புகாரை வாங்கி எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி உத்தரவு கொடுங்கய்யா. கடையில நிக்கிற பையனை மட்டும் பிடிச்சு முடிச்சிடாம, அவனுக்கு பாட்டு எந்த சைட்டுலேர்ந்து வருது, அதை நடத்துறது யாருன்னு சைபர் கிரைம் மூலமா கண்டுபிடிக்கணும், விளம்பரக் காசு அங்கதான் போகுது. அக்கா பேரை அழிச்சதுக்கு அதே காப்பிரைட் சட்டத்தோட 65பி பிரிவையும் சேர்க்கணும்னு கேட்டுக்கிறேன்.

மெமரி கார்டு, ஸ்டுடியோ பில், அக்காவோட போட்ட ஒப்பந்தக் காப்பி எல்லாம் இதோட இணைச்சிருக்கேன். எப்பக் கூப்பிட்டாலும் அக்காவையும் கூட்டிட்டு வர்றேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்