வானதிக்கு, அந்தக் கோணல் கட்டை பற்றி

அன்பு மகள் வானதிக்கு,

அப்பா எழுதுவது. உனக்கு அனுப்பிய பார்சல் போன வியாழக்கிழமை திரும்பி வந்துவிட்டது. அரக்குச் செதில் அரைக் கிலோ, மெழுகு இரண்டு கட்டி, எதுவும் உடையவில்லை. மேலே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது. வீட்டு எண்ணை நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நம்பினாளா என்று தெரியவில்லை. அதே பெட்டியை இந்தக் கடிதத்தோடு தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன்னை எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் கேட்க வந்தது வில் செய்வதற்கான அந்த ஓசேஜ் கட்டையைப் பற்றி. அது உன்னிடம்தான் இருக்கிறதா? இரண்டு முனைக்கும் ஏதாவது பூசினாயா? ஓசேஜ் மரம் முனை வழியாகத்தான் வேகமாகக் காயும். பூசாமல் விட்டால் ஒரு மாதத்தில் முனையிலிருந்து அரை அடிக்கு வெடிப்பு ஓடிவிடும். 78 அங்குலக் கட்டையில் இரண்டு பக்கமும் அரை அடி போனால் மிச்சம் 66. அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. மெழுகை உருக்கி, முனையின் முகத்திலும் பக்கவாட்டில் இரண்டு அங்குலத்துக்கும் தடவு. மெழுகு இல்லாவிட்டால் சாதாரண மரப்பசை போதும், மூன்று பூச்சு. இன்றைக்கே செய்.

அந்தக் கட்டை விறகுக்குத்தான் ஆகும் என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். விறகாகவும் நன்றாக எரியும், பொறி தெறிக்கும், அது உண்மைதான். ஆனால் இந்த மரத்துக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்த பேரே வில்மரம். டெக்சஸ், ஓக்லஹோமா பக்கத்து ரெட் ரிவர் ஓரத்து மரம் இது. முள்கம்பி வருவதற்கு முன்னால் இந்தக் கான்சாஸ் முழுக்க வேலிக்கு நட்டார்கள். இப்போது அந்த வேலி வரிசைகளில் நேராக வளர்ந்த மரம் எத்தனை கிடைக்கும்? காற்றுக்குச் சாய்ந்து, பக்கத்து மரத்தைத் தப்பி வளைந்து வளர்ந்ததுதான் அதிகம். கோணலை எடுக்கத் தெரியாதவனுக்குத்தான் அது விறகு. எனக்கு அந்தக் கட்டையில் நான்கு வில் தெரிகிறது.

எப்படி என்று சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கட்டையின் உள்வளைவுப் பக்கம் இரண்டு முனைக்கும் நூல் கட்டிப் பார்த்தபோது நடுவில் மூன்று அங்குலம் இடைவெளி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த வளைவு ஒரே தளத்தில் இருக்கிறது. அதனால் முனையின் முகத்தில் கூட்டல் குறி போல் கோடு போடாதே, பெருக்கல் குறி போல் போடு. வளைவின் தளத்துக்கு 45 டிகிரி சாய்வாக இரண்டு கோடு. கூட்டல் குறியாகப் பிளந்தால் நான்கு துண்டிலும் முன்வளைவும் பக்கவளைவும் கலந்து வரும், நான்கும் தொல்லை. பெருக்கல் குறியாகப் பிளந்தால் ஒன்று சுத்தமாக முன்பக்கம் வளைந்தது, ஒன்று பின்பக்கம் வளைந்தது, இரண்டு பக்கவாட்டில் வளைந்தவை. தொல்லை தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஏற்கெனவே முனையில் பெரிய வெடிப்பு விழுந்திருந்தால் மட்டும் அதையே ஒரு கோடாக எடுத்துக்கொள். ஆப்பு அங்கேதான் போகும், அதோடு சண்டை போட முடியாது.

முதலில் சரிபாதி, பிறகு பாதியைப் பாதி. மூன்றில் ஒன்று எடுக்கப் பார்த்தால் வெடிப்பு மெல்லிய பக்கமாக ஓடி வெளியே வந்துவிடும். முகத்தில் இரண்டு ஆப்பு அடி. பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்ததும் அதற்கு முன்னால் மூன்றாவது. பின்னால் இருப்பது தானாகத் தளரும், எடுத்து முன்னால் போடு. நடுவில் நார் பின்னிக்கொண்டு நின்றால் கைக்கோடாரியால் வெட்டு. விரலை இடைவெளிக்குள் விடாதே. தம்பி பக்கத்தில் இருக்கும்போது செய், தனியாகச் செய்யாதே. கட்டையே ஐம்பது கிலோ இருக்கும். உன் முதுகைப் பற்றி அம்மா இன்னும் கவலைப்படுகிறாள்.

உள்வளைவுப் பக்கத்துத் துண்டுதான் நான்கிலும் ராஜா. மரத்தின் வெளிப்புறம்தான் வில்லின் முதுகு, அதாவது எய்பவருக்கு எதிர்ப்பக்கம் என்பதால், கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள புயம் இரண்டும் எய்பவரை விட்டு முன்னால் வளைந்து நிற்கும். நாண் ஏற்றும்போதே இழுவிசை தயாராக இருக்கும். ஆனால் மூன்று அங்குலம் அதிகம். நாண் ஏற்றுகையில் புயம் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். சூடு காட்டி இரண்டு அங்குலத்துக்குக் கொண்டுவா, அதற்குக் கீழே இறக்காதே.

வெளிவளைவுத் துண்டு அதற்கு நேர் எதிர். நாண் இல்லாமலேயே நாண் ஏற்றியது போல் உன் பக்கம் வளைந்திருக்கும். முதல் சில அங்குலத்துக்கு விசை இருக்காது, அம்பு சோம்பலாகப் போகும். ஒன்று, சூட்டில் அந்த வளைவை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவை அப்படியே விட்டு, கடைசி எட்டு அங்குலத்தை மட்டும் ஆவியில் வேகவைத்து முன்பக்கம் மடக்கு. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேர ஆவி. நான் இரண்டாவதைத்தான் செய்வேன். அப்படிச் செய்த வில் கைக்கு மிருதுவாக இருக்கும், இழுக்கும்போது கடைசியில் திடீரென்று கனக்காது.

பக்கவாட்டில் வளைந்த இரண்டைத்தான் எல்லோரும் தூக்கி எறிவார்கள். நாண் கைப்பிடியை விட்டு மூன்று அங்குலம் தள்ளிப் போகும். இதை நடுவில் அறுத்துவிடு. பயப்படாதே. வளைந்த கட்டையைப் பாதியாக அறுத்தால் வளைவு பாதியாவதில்லை, கால் பங்காகிறது. மூன்று அங்குலம் முக்கால் அங்குலமாகிவிடும். இரண்டு பாதியையும் கைப்பிடியில் சற்றுக் கோணமாக இணைத்துவிட்டால் இரண்டு முனையும் கைப்பிடியும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். ஒவ்வொரு புயத்திலும் மிஞ்சும் முக்கால் அங்குலப் பாம்பு வளைவு அழகுதான், அதைத் தொடாதே.

இணைப்பு நான்கு அங்குல நீளம், மீன் வால் போல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று. கணக்கைப் பார்: 78-ல் முனைக்கு இரண்டிரண்டாக நான்கு போனால் 74, இணைப்புக்கு நான்கு போனால் 70. 28 அங்குல இழுவைக்கு 66 முதல் 68 போதும், இரண்டு மிச்சம். இந்தக் கணக்கு நிற்பதற்குத்தான் முனைக்கு மெழுகு பூசு என்கிறேன். மெதுவாக இறுகும் எபாக்ஸி மட்டும் போடு, ஐந்து நிமிஷ எபாக்ஸி வேண்டாம். ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடை. இறுக்கும்போது பசை முழுக்க வழியும்படி இறுக்காதே, உள்ளே கொஞ்சம் நிற்க வேண்டும். கைப்பிடியில் எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் மிச்சத் துண்டு ஒன்றை ஒட்டிக் கனமாக்கு. இணைப்பு வளையவே கூடாது. வளைந்தால் திறந்துகொள்ளும்.

பிளந்தவுடன் பட்டையையும் வெள்ளைக் கட்டையையும் எடுத்து, உள்ளே இருக்கும் மஞ்சள் வைரக் கட்டையில் ஒரு நல்ல ஆண்டு வளையத்துக்குப் போ. எட்டில் ஒரு அங்குலக் கனமுள்ள வளையம் கிடைத்தால் யோசிக்காமல் எடு. இழுப்புக் கத்தியின் சத்தத்தைக் கேள். வசந்தத்தில் வளர்ந்த பொத்தல் பகுதியில் மொறுமொறுவென்று கேட்கும், கோடையில் வளர்ந்த கெட்டிப் பகுதியில் வழவழவென்று ஓடும். மொறுமொறு நின்றதும் கத்தியும் நிற்க வேண்டும். கடைசி மொறுமொறுப்பை ஸ்கிரேப்பரால் எடு. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வை. கணு இருக்கும் இடத்தில் வளையம் மேடாக ஏறும், அந்த மேட்டை அப்படியே விடு. ஒரு முனையிலிருந்து பதினைந்து அங்குலத்தில் ஒரு கிளைக் கணு உண்டு, அது எந்தத் துண்டில் வந்தாலும் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் கால் அங்குலம் அகலம் கூடுதலாக வை. பதிமூன்று வயதில் ஒரே வளையத்தில் முதுகைக் கொண்டுவந்தவள் நீ. உனக்குப் போய் இதைச் சொல்கிறேன்.

வளையம் கிடைத்த அன்றே முதுகுக்கு அரக்கு, இரண்டு பூச்சு. இந்த மரத்தைத் தோலை உரித்துவிட்டு ஒரு ராத்திரிகூடச் சும்மா விடக் கூடாது. முனைக்கு மெழுகு. பிறகு இரண்டு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனத்துக்குச் செதுக்கி வைத்துக் காயவிடு. நீ இருக்கும் இடத்தில் கராஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கட்டிலுக்கு அடியில் நான்கு கட்டைக்கு இடம் இருக்கும். கட்டில் இருக்கிறதல்லவா? பெட்டி எடை பார்க்கும் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வை. மூன்று வாரம் எடை இறங்காவிட்டால் காய்ந்தது என்று அர்த்தம். மினசோட்டாவில் ஒன்று கவனி. ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்றில் ஈரம் இருபது சதவீதத்துக்கு இறங்கும். அந்தக் காற்றில் மரம் நான்கு, ஐந்து சதவீதத்துக்குக் காய்ந்து கண்ணாடி போல் ஆகிவிடும். உனக்கு வேண்டியது எட்டிலிருந்து பத்து. குளிர்காலத்தில் வளைத்துப் பார்க்காதே. செதுக்கு, சூடு காட்டு, இழுக்காதே. சூடு காட்டிய பிறகும் அப்படித்தான், ஒரு வாரம் காற்றில் வைத்து ஈரம் திரும்பிய பிறகுதான் வளைக்க வேண்டும். நேற்று நேராக்கி இன்று நாண் ஏற்றினவன் கையில் இரண்டு துண்டாகத்தான் இருக்கும்.

புயம் இரண்டும் சீராக வளைகிறதா என்று சமன் பார்க்கும்போது கோணல் வில் கண்ணை ஏமாற்றும். முன்பக்கம் நெளிந்த இடம் வளையாதது போலத் தெரியும். பின்பக்கம் நெளிந்த இடம் அதிகம் வளைவது போலத் தெரியும். கண்ணை நம்பி, வளையாத இடம் என்று அரம் போட்டால் அங்கே கீல் விழுந்து, அந்த ஒரு இடத்திலேயே மடங்கும். கனத்தைக் காலிப்பரில் பார், மூன்று அங்குலத்துக்கு ஒரு பென்சில் குறி, கைப்பிடியிலிருந்து முனை வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். முதுகு எங்கே அலை போல் ஏறி இறங்குகிறதோ வயிறும் அங்கே ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவை சுரண்டிய பிறகும் முப்பது முறை பாதி இழுவையில் இழுத்துவிட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும். எத்தனை பவுண்டு விசை வேண்டுமோ அதற்குமேல் ஒரு தடவைகூட இழுக்காதே.

போனுக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு வரி மெசேஜ் போட இரண்டு நிமிஷம் ஆகுமா? அதுகூட வேண்டாம், கட்டையின் முனையைப் போட்டோ எடுத்து அனுப்பு, பூசியிருக்கிறாயா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக வைத்திருந்தேன். உன் பதினேழாவது பிறந்தநாள் வில் உடைந்தது உன்னால் அல்ல. நீ முப்பது அங்குலம் இழுத்துவிட்டாய், அவசரக்காரி என்று அன்றைக்குச் சொன்னேன், அதற்குப் பிறகும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம், எங்கள் வானதி கொஞ்சம் அவசரம், கையில் கொடுத்ததை உடைத்துவிடுவாள், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் நான்தான். மேல் புயத்தில் இரண்டாவது கணுவுக்குக் கீழே ஸ்கிரேப்பர் வழுக்கி வளையத்தை அறுத்துவிட்டேன், வானதி. விரல் நகம் அகலம். பிறந்தநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மேலே அரக்குப் பூசி உன் கையில் கொடுத்தேன். அங்கேதான் உடைந்தது. நீ 28 அங்குலத்தைத் தாண்டவே இல்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த உடைந்த மேல் புயத்தை நான் எறியவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். வெளிச்சம் பட்டதில் மரம் பழுப்பாகிவிட்டது, பசை அடைத்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வளையம் அறுந்த கோடும் அதிலிருந்து கிளம்பிய சிராய்ப்பும் தெளிவாக இருக்கும். வேறு யாருக்காவது காட்ட வேண்டும் என்றால் காட்டு.

அரக்குச் செதில் ஒரு பங்குக்கு ஆல்கஹால் நான்கு பங்கு, ஒரு ராத்திரி ஊறட்டும். மெழுகை நேரடி அடுப்பில் உருக்காதே, வெந்நீரில் பாத்திரம் வைத்து உருக்கு. தம்பி ஞாயிறு வரை அங்கே இருப்பான், பிளப்பதற்கு அவனை வைத்துக்கொள். வில்லைப் பூட்டி இழுத்து வளைவு பார்க்கும் டில்லர் பலகையைக் கழற்றி அவன் வண்டியிலேயே போட்டுவிட்டேன்.

அப்பா