ஊருணிக் கரைக்கும் உங்கள் மகளை அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் நடக்கப்போவதைப் பற்றிப் பிள்ளைகளிடம் சுற்றறிக்கை கொடுத்து அனுப்பியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுச் சிலர் நேரில் வந்தீர்கள், சிலர் போனில் பேசினீர்கள். "பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு பாடத்தை விட்டுட்டு வாய்க்கால் வெட்டப் போகணுமா டீச்சர்?" என்று ஒரு தந்தை கேட்டார். "வயசுக்கு வந்த பிள்ளையை ராத்திரி வெளியில தங்க விட மனசு வரலை" என்று ஒரு தாய் சொன்னார். இரண்டுமே நியாயமான பேச்சு. வாசலில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் "உன்னைப் பற்றிச் சொல்லும்மா" என்று கேட்போம். பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். "உனக்கு என்ன நல்லா வரும்?" என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒருத்தி அம்மாவின் பலகாரத் தொழிலுக்கு முழுக் கணக்கும் எழுதுகிறாள்: எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ தேன்குழல், எத்தனை கிலோ மாவுருண்டை, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எல்லாம் அவள் நோட்டில் இருக்கிறது. இன்னொருத்தி தாத்தாவோடு தறிக்கூடத்தில் உட்கார்ந்து கண்டாங்கிச் சேலையின் கட்டம் பிசகினால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை எவ்வளவு ஊற்றினால் பூ பிதுங்காமல் வரும் என்று தெரியும். இதெல்லாம் தன்னுடைய திறமை என்றுதான் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வீட்டு வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாமும் அப்படியேதான் சொல்லி வளர்க்கிறோம்.

இந்த மண்ணில் பெண்கள் வெறும் வீட்டு வேலையா பார்த்தார்கள்? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து சம்பாதிக்க, போன காலத்தில், இங்கே அவ்வளவு பெரிய வீடுகளை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள்தான். நெல் வரவு, வட்டி வரவு, கல்யாணச் சீர், கோயில் முறை, பங்காளி வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்து, அங்கே போட்ட முதல் போன பிறகு, பல குடும்பங்கள் சிதறாமல் நின்றதற்கு அந்தப் பெண்களின் சிக்கனமும் நிதானமும் பெரிய காரணம். செட்டிநாடு என்றால் நகரத்தார் வீடுகள் மட்டும் இல்லை என்பதையும் நம் பிள்ளைகளிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், கல்லும் மண்ணும் சுமந்த சித்தாள்கள், சமையற்கட்டில் விறகடுப்போடு மல்லுக்கட்டியவர்கள், நெய்தவர்கள், நட்டு அறுத்தவர்கள் என்று எல்லோருடைய பேத்திகளும் நம் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் பாட்டியின் கதையும் இன்னொருவர் பாட்டியின் கதைக்குக் குறைந்தது இல்லை.

அதனால்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் ஊரிலுள்ள வயதானவர்களிடம் அனுப்புகிறோம். பெற்ற மக்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். பிள்ளைகள் போய் மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவார்கள், போனில் மகனை அழைத்துக் கொடுப்பார்கள், பேச்சுத் துணைக்கு இருப்பார்கள். பதிலுக்கு ஒரு ஆச்சி கொட்டான் முடையச் சொல்லிக்கொடுக்கிறார். பனங்குருத்தை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, நனைத்து வைத்துக்கொண்டு அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் நாள் ஒருத்திக்கும் அடிப்பாகம் நிற்கவில்லை. "பிரிச்சுட்டு மறுபடி போடு, ஓலை ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றாராம் ஆச்சி. நல்லாசிரியர் விருதை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்!

இனி ஊருணிக்கு வருகிறேன். கேள்விகள் அதிகம் வந்தது அதைப் பற்றித்தான்.

செம்பொறை மண் நிறைந்த வறண்ட சீமை இது. வற்றாத ஆறு கிடையாது. அதனால்தான் நம் முன்னோர்கள் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, காட்டில் விழும் மழைத்தண்ணீர் தானாக வந்து சேரும்படி வரத்துக்கால் அமைத்தார்கள். குடிதண்ணீர் ஊருணியில் காலைக் கூட நனைக்க விட மாட்டார்கள். இன்று கரையும் படித்துறையும் பார்க்க அழகாக இருக்கின்றன, தண்ணீர்தான் வருவதில்லை. போன கோடை விடுமுறைக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு வரத்துக்கால் நெடுக நடந்தார்கள். ஓரிடத்தில் பிளாஸ்டிக் டீக் கப்புகள் பாலத்தின் வாயை அடைத்திருந்தன. இன்னோரிடத்தில் கார் ஏறுவதற்காக வரத்துக்காலையே மண் போட்டு மூடியிருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஐயாவிடம் போய், "முன்னாடி தண்ணி எந்தப் பக்கமாய்யா வரும்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் ஊன்றுகோலால் மண்ணில் கோடு போட்டுக் காட்ட, அதைப் பார்த்து அவள் ஒரு படம் வரைந்தாள். அடைப்பு இருக்கும் இடங்களெல்லாம் அதில் சிவப்புப் புள்ளி.

அந்தப் படத்தோடு ஒரு மனு எழுதி, ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் கொண்டு போனோம். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபையின் உறுப்பினர்கள். எனவே ஒரு பிள்ளையின் தாயார் மனுவைக் கொடுத்தார், அதைப் படிக்கும் வாய்ப்பை நம் மாணவிக்குக் கேட்டு வாங்கினோம். பாதியில் அவளுக்குத் தொண்டை அடைத்து, உட்கார்ந்துவிட்டாள். நானோ மற்ற ஆசிரியைகளோ எழுந்து மீதியைப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து, விட்ட வரியிலிருந்து படித்து முடித்தாள். "பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. பல வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் மறுபடி எழுதினார்கள், போய்க் கேட்டார்கள். இப்போது பாலத்து அடைப்பை எடுத்துவிட்டார்கள். மண் மூடிய இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அதைத் திறக்க வேண்டும் என்பதுதான் இந்த முகாமின் முக்கியமான வேலை. அக்டோபர் 2 கிராம சபைக்கும் பிள்ளைகள் போவார்கள்.

இதில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்டீர்கள். அளவெடுப்பதும் படம் வரைவதும் மனு எழுதுவதும் படிப்புதான். ஆனால் நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது, ஒரு தடவை முடியாது என்று சொன்ன இடத்துக்கு இரண்டாம் தடவை போய் நிற்கிற பழக்கம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. நாளைக்கு அந்த நாற்காலிகளில் நம் பிள்ளைகள் உட்காரும்போது, யாரும் பின்னால் நின்று பேச்சு எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு மன உறுதி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். வீட்டில் அதை எப்படிப் பழக்குகிறோம் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். "பொறுத்துப் போ", "வெளியில சொல்லாதே", "பொண்ணுன்னா தாங்கத்தான் வேணும்." பஸ்ஸில் ஒருவன் இடித்தால் வாயை மூடிக்கொண்டு வருகிறாள். உறவுக்காரர் ஒருவரின் பார்வை சரியில்லை என்றாலும் சொல்ல மாட்டாள். இப்படித் தாங்குவதை உறுதி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தைரியமான பிள்ளை வந்து சொல்வாள், உதவி கேட்பாள். அவள் சொன்னால் முதலில் நம்புங்கள். "நீ ஏன் அந்தப் பக்கம் போனே?" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம், உங்கள் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரியும்.

நம் சிவகங்கைச் சீமையின் வேலு நாச்சியாரைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் எல்லாப் பிள்ளையும் வாளைத்தான் பேசுகிறார்கள். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்டார். 1780-இல் சீமையை மீட்டார். இடைப்பட்ட காலத்தில் மகளை வைத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியிடம் உதவி கேட்டு, ஆட்களைச் சேர்த்து, காத்திருந்தாரே, அந்தப் பகுதியை நான் பிள்ளைகளிடம் விரிவாகச் சொல்வேன். உதவி கேட்பது ராணிக்கே இழுக்காக இருக்கவில்லை.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்ததால் சேர்ந்தார். 1912-இல் டாக்டர் ஆனார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் அவரை விடவில்லை, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. அன்றைக்கு அவர் தகப்பனார் "ஊர் என்ன சொல்லும்" என்று பயந்திருந்தால்? அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 வாக்கில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். அப்போதும் ஊர் பேசத்தான் செய்தது. உங்களில் சிலருடைய தாயார் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

உங்களிடம் மனம் விட்டுச் சில விஷயங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. பிள்ளை பெரியவளானால் சடங்கு வைப்பதும் வைக்காததும் உங்கள் குடும்ப விருப்பம், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அதற்காகப் பதினாறு நாள் பள்ளிக்கு அனுப்பாமல் வைக்காதீர்கள். திரும்பி வரும்போது பாடமும் போய்விடுகிறது, அவளுடைய கலகலப்பும் போய்விடுகிறது. உடம்பில் ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வகுப்பில் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. பள்ளியில் நாப்கின் இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் இருக்கிறது, ஆசிரியைகள் இருக்கிறோம். அனுப்புங்கள்.

அப்புறம் கல்யாணப் பேச்சு. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்குள் வரன் பார்க்க ஆரம்பிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பதினெட்டு முடியாமல் கல்யாணம் செய்வது குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். பதினெட்டு முடிந்த மறுநாளே செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2022-இல் தொடங்கிய திட்டம் இது. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டியது இல்லை. காரைக்குடியில் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் தன் சொத்தையெல்லாம் கொட்டி உண்டாக்கிய படிப்பு, நம் வாசலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

மகன் இருக்கும் வீடுகளில், சாயங்காலப் பாத்திரங்களில் பாதியை அவன் கழுவட்டும். மகளுக்கு அந்த அரை மணி நேரம் கிடைத்தாலே போதும், வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவாள்.

முகாம் ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஊராட்சிப் பள்ளிக் கட்டடத்தில் தங்குவார்கள். இரவில் ஆசிரியைகள் கூடவே இருப்பார்கள், நானும் தங்குகிறேன். கழிப்பறை, விளக்கு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்தோம். மண்வெட்டி வேலை காலையில் வெயில் ஏறும் வரை மட்டும். மதியம் படிப்பு, அதற்குப் பாட ஆசிரியைகள் வருவார்கள். மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் பேசலாம். நீங்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாம், சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதில்லை. உடம்புக்கு முடியாத பிள்ளைகளுக்குக் கணக்கெழுதுவது, சமையல் பொருள் வாங்குவது, முகாம் குறிப்பு எழுதுவது போன்ற வேலைகள் இருக்கின்றன. எந்த வேலை யாருக்கு என்பதை மாணவிகளே கூடிப் பேசி முடிவு செய்வார்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒப்புதல் படிவம் வைத்திருக்கிறேன். தந்தை வெளிநாட்டில் இருந்தால் காத்திருக்க வேண்டாம், தாயார் கையெழுத்துப் போட்டால் போதும். படிவத்தின் கடைசியில் மாணவிக்கும் ஒரு கையெழுத்து இடம் இருக்கிறது. போகிறேனா இல்லையா என்பதை அவளிடம் கேட்டுவிட்டு, அவளையே போடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியையிடம் சேர்த்துவிடுங்கள். இன்னும் தயக்கம் இருப்பவர்கள் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் பள்ளிக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை