ஊடுபுள்ளி

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்ல நினைத்தேன். நீ அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய், அதனால் விட்டுவிட்டேன். "வலப்பக்க டிஃபென்ஸ்ல, ரைட் பேக்ல, சும்மா நிக்கிறான்மா. இருபது மேட்ச் ஆயிடுச்சு, ஒரு கோல் கிடையாது. ஃபுட்பாலை நிறுத்திட்டு நீச்சல்ல சேர்த்துடலாம்னு இருக்கேன்" என்றாய். பேரன் பக்கத்திலேயே இருந்தான் என்று நினைக்கிறேன், அவன் குரல் கேட்டது. அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், பொங்கலுக்கு வந்தபோது என் லேப்டாப்பில் நீ போட்டுக் கொடுத்த, ஒரு கிளப்பை நாமே நடத்தும் ஃபுட்பால் மேனேஜர் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் இந்த ஐந்து மாதமாக நான் கற்றதைச் சொல்ல வேண்டும். அதைக் கற்காமல் இருந்தால் உனக்கு என்ன பதில் சொல்வது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

பெரிய கிளப்பாக எடுத்துக்கொள் என்றாய். நான் எடுக்கவில்லை. இங்கிலாந்தில் ஆறாவது அடுக்கில் இருக்கும் ஒரு சின்னக் கிளப்பை எடுத்தேன். பாதிப் பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு வருகிறவர்கள். பெரிய கிளப்பில் பதினொரு பேரும் நன்றாக ஆடுவார்கள், யாரால் என்ன நடக்கிறது என்று புதிதாகப் பார்ப்பவளுக்குப் பிடிபடாது. புது வகுப்புக்குப் போனால் முதல் வாரம் பாடம் நடத்தாமல் பெயரும் முகமும் படிப்பேன் அல்லவா, அப்படித்தான் இங்கேயும் தொடங்கினேன். கோல் கீப்பரை விட்டுவிட்டால் ஒவ்வொருவருக்கும் 36 எண்கள். எல்லாம் 1 முதல் 20 வரை. கால் திறமைக்கு 14, உடம்புக்கு 8. மீதி 14 எண்களும் மனதுக்கு: பதற்றப்படாமல் இருப்பது, ஆட்டம் எங்கே போகும் என்று முன்கூட்டி உணர்வது, சரியான இடத்தில் நிற்பது, கூட்டாக உழைப்பது. உடம்பைவிட மனதுக்கு அதிகக் கட்டங்கள் வைத்தவர்கள் ஆட்டத்தைப் புரிந்தவர்கள்தான் என்று எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது. இந்த ஆட்டம் ஆலிவர் கோலியர், பால் கோலியர் என்ற அண்ணன் தம்பி சேர்ந்து செய்து 1992-இல் முதலில் வந்ததாம். அப்போது வேறு பெயர். அந்த நாளில் படம் கிடையாது, ஆட்டம் வெறும் எழுத்தாகவே ஓடுமாம். வானொலியில் அப்துல் ஜப்பார் வர்ணனையில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

இப்போது படம் உண்டு. ஆனால் நான் மேலிருந்து பார்க்கும் தட்டையான காட்சியைத்தான் வைத்திருக்கிறேன். ஆட்டக்காரர்கள் வெறும் புள்ளிகளாக நகர்வார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் திறந்தது. ஐம்பது வருஷமாக வாசலில் புள்ளி வைக்கிறேனே! பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு என்றால் 4-4-2. அது நேர்புள்ளி. வரிசை வரிசையாக நிற்கும், பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் கட்டம் கட்டமாக வரும். 4-2-3-1 என்பது ஏறக்குறைய ஊடுபுள்ளி. ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழும். சேர்த்தால் முக்கோணம் வரும். பந்து வைத்திருப்பவனுக்கு நேரே ஒரு ஆள் இருப்பதைவிட, சாய்வாக இடமும் வலமும் ஒவ்வொரு ஆள் இருந்தால் பாஸுக்கு இரண்டு வழி. ஒருவனை எதிரி மறித்தால் இன்னொருவன் இருக்கிறான். எதிரணியின் தடுப்பு வரிசைக்கும் நடு வரிசைக்கும் இடையில் போய் நிற்கிறவனை யார் பிடிப்பது என்று அவர்களுக்குள்ளேயே குழப்பம் வரும்.

கோலத்தில் வைத்த புள்ளி வைத்த இடத்தில் இருக்கும். இங்கே பந்து கைமாறியவுடன் எல்லாம் நகர்ந்துவிடுகிறது. பந்து நம்மிடம் இருக்கும்போது 4-2-3-1, போய்விட்டால் ஓரத்தில் இருக்கும் இருவரும் இறங்கி 4-4-1-1. இது புரியவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அந்த ஒரு மாதத்தில் ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. தடுப்பு வரிசையை மேலே ஏற்றி நிறுத்தினால் எதிரிக்கு இடம் குறையும், ஆஃப்சைடிலும் மாட்டுவான் என்று படித்துவிட்டு அப்படியே செய்தேன். என் நடுத் தடுப்பாளர்கள் இருவருக்கும் வேகம் 7, 8 என்பதைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் ஒரு பந்து, பின்னால் காலி மைதானம், திரும்பி ஓடுவதற்குள் கோல். சரி என்று வரிசையைக் கீழே இறக்கினேன். அப்புறம் நடு வரிசைக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு தெரு அகலத்துக்கு இடைவெளி. எதிரணி அங்கே நின்று நிதானமாக அடித்தது. எந்த இடத்திலிருந்து எதிரியை நெருக்கத் தொடங்குவது என்பதையும் சேர்த்து இறக்கிய பிறகுதான் அணி ஒன்றாக நின்றது. ஒன்றை மட்டும் தனியாக மாற்றவே முடியாது தம்பி. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு மாற்றம் செய்வதும் ஆகாது. ஆட்டக்காரர்களுக்கு எதுவும் பழகாது. பழகியது எவ்வளவு என்று ஆட்டத்திலேயே ஒரு அளவு காட்டுகிறார்கள், என்னுடையது பல வாரம் ஏறவே இல்லை.

எண்களுக்கு வருகிறேன். ஒரு நாள் 19 ஷாட் அடித்து 0-2 என்று தோற்றோம். எதிரணி அடித்தது நாலே நாலு. துரதிர்ஷ்டம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் எக்ஸ்ஜி, அதாவது எதிர்பார்க்கும் கோல், என்ற கட்டத்தைத் திறந்து பார்த்தேன். அது பத்தாம் வகுப்பில் நான் நடத்திய நிகழ்தகவுதான். ஒரு ஷாட் அடித்த இடம், கோணம் இவற்றை வைத்து, அதுபோன்ற நூறு ஷாட்டில் எத்தனை கோலாகும் என்று ஒரு மதிப்பு. பெனால்ட்டி என்றால் நூறில் 75-க்கு மேல். கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தால் நூறில் மூன்று நாலு. என் பிள்ளைகள் அடித்த 19-உம் வெளியிலிருந்து. ஒவ்வொன்றும் 0.03 என்றால் மொத்தம் 0.57 கோல். பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன்: பத்தொன்பதும் வீணாவதற்கே 100-க்கு 56 வாய்ப்பு. அதில் துரதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? எதிரணி நாலு ஷாட்டையும் கோல் வாயிலிருந்து அடித்திருந்தார்கள்.

மாற்று ஆட்டக்காரன் ஒருவன் 360 நிமிடத்தில் 4 கோல் போட்டிருந்தான். முதல் பதினொருவரில் இருந்தவன் 2700 நிமிடத்தில் 10. தொண்ணூறு நிமிடத்துக்கு என்று வகுத்தால் இவனுக்கு 1, அவனுக்கு 0.33. உடனே இவனை முதலில் இறக்கினேன். ஐந்து ஆட்டம், ஒன்றும் இல்லை. எதிரிகள் களைத்த கடைசி இருபது நிமிடத்தில் போட்ட கோல்கள் அவை. வகுத்தது சரி, ஆனால் 360 நிமிடம் என்பது ஒரு முடிவு எடுக்கப் போதாத கணக்கு.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். என் நோட்டில் எங்கள் கோல் ஒவ்வொன்றும் எத்தனை பாஸுக்குப் பிறகு விழுந்தது என்று எழுதி வந்தேன். பெரும்பாலும் இரண்டு மூன்று பாஸ்தான். அப்படியானால் சுற்றி வளைக்காமல் நீளமாக அடிக்கச் சொல்லலாமே என்று சொன்னேன். கோல்கள் குறைந்தன. ஏன் என்று தேடியபோது சார்லஸ் ரீப் என்ற மனிதரைப் பற்றிப் படித்தேன். பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் மைதானத்தில் இரண்டாவது பாதியில் பென்சிலும் நோட்டும் எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கியவர், அதன் பிறகு பல பத்தாண்டுகள் நிறுத்தவில்லை. கோல்களில் ஏறக்குறைய 80 சதவீதம் மூன்று அல்லது அதற்கும் குறைந்த பாஸில் வந்தவை என்று கண்டார். நீளமாக அடித்து ஆடுவதே லாபம் என்ற முடிவுக்கு வந்தார். இங்கிலாந்தில் பல காலம் அதை நம்பினார்கள்.

ஆனால் மைதானத்தில் நடக்கும் தாக்குதல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்று பாஸுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பந்து பறிபோகிறது, வெளியே போகிறது. அந்தத் தொண்ணூறு எண்பதைத் தருகிறது. மீதிப் பத்துகூட இல்லாத நீளமான தாக்குதல்கள் இருபதைத் தருகின்றன. வகுத்துப் பார், நீளமானவற்றின் விளைச்சல் இரண்டு மடங்குக்கு மேல். முப்பத்திரண்டு வருஷம் "எதை எதால் வகுத்தாய், அதை முதலில் சொல்" என்று பிள்ளைகளைக் கேட்டவள் நான். அந்தக் கேள்வியை என் நோட்டிடம் கேட்க மறந்துவிட்டேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாருமே எண்ணாத காலத்தில் மழையிலும் குளிரிலும் உட்கார்ந்து எண்ணியவர்.

இனி பேரன் விஷயம்.

நீ இருக்கும் ஊரையே எடுத்துக்கொள். 2015-16 பருவம். பிரீமியர் லீக்கில் லெஸ்டர் அணி ஜெயிக்கும் என்பதற்குத் தொடக்கத்தில் 5000-க்கு 1 என்று பந்தயம் வைத்தார்கள், கடைசியில் 81 புள்ளியோடு சாம்பியன். ஜேமி வார்டி 24 கோல், ரியாத் மஹ்ரேஸ் 17. இது உனக்குத் தெரியும். ஆனால் முதல் ஏழு ஆட்டத்தில் அவர்கள் வாங்கிய கோல் 14, ஆர்சனலிடம் மட்டும் 5. சராசரி ஆட்டத்துக்கு இரண்டு. அதற்கு அடுத்த ஆட்டத்தில் அவர்களுடைய மேனேஜர் ரானியேரி இரண்டு ஓரத் தடுப்பாளர்களையும் மாற்றினார். இடப்பக்கம் ஜெஃப்ரி ஷ்லுப் இருந்த இடத்தில் கிறிஸ்டியன் ஃபுக்ஸ், வலப்பக்கம் ரிச்சி டி லாட் இருந்த இடத்தில் டேனி சிம்ப்சன். டி லாட் முன்னேறிப் போய் ஆடுகிறவர், ஆஸ்டன் வில்லா அணிக்கு எதிராக ஒரு கோலும் போட்டிருந்தார். சிம்ப்சன் அந்தப் பருவத்தில் 30 லீக் ஆட்டம் ஆடினார். கோல் பூஜ்யம். ஃபுக்ஸும் பூஜ்யம்.

மீதி 31 ஆட்டத்தில் லெஸ்டர் வாங்கியது 22 கோல். ஆட்டத்துக்கு 0.71.

இந்த மாற்றம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், அவசரப்பட்டு முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். நடுவில் காந்தே இருந்தார், லீக்கிலேயே அதிகமாக டேக்கிள் செய்தவர், அதாவது எதிரி காலிலிருந்து பந்தைப் பறித்தவர். ஆனால் லெஸ்டரிடம் பாதி நேரம்கூடப் பந்து இருக்காது, அதனால் டேக்கிள் செய்ய அவர்களுக்கு வாய்ப்பும் அதிகம். இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும், சாம்பியன் அணியின் ரைட் பேக் முப்பது ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லை என்பது மிஞ்சுகிறது. அவரை உன் கணக்கில் போட்டால் அவரும் சும்மா நின்றவர்தான்.

தொண்ணூறு நிமிடத்தில் ஒரு ஆட்டக்காரன் காலில் பந்து இருப்பது சில நிமிடம்தான். நீ பேரனைப் பார்ப்பது அந்தச் சில நிமிடத்தை. அடுத்த ஞாயிறு பந்தைப் பார்க்காதே தம்பி, அவனையே பார். ஒரு காகிதம் எடுத்துக்கொண்டு போ. எதிரணி அவன் பக்கமாக வரும்போதெல்லாம் ஒரு கோடு. அவனைத் தாண்டிப் பெட்டிக்குள் போனால் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே இன்னொன்று. அவர்கள் அவன் பக்கம் வராமல் மறுபக்கம் திரும்பிவிட்டால் அதையும் தனியாக எழுது. அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. ஒரு ஆட்டம் போதாது, ஐந்தாறு ஆட்டமாவது பார். அதுவரை நீச்சல் பேச்சு வேண்டாம்.

அப்புறம் ஒன்று, இது அவனுக்கு. படித்துக் காட்டு. கண்ணா, பாட்டி அணியில் ரைட் பேக்காக ஒரு பையன் இருக்கிறான், 19 வயது, நல்ல பிள்ளை. ஓரத்தில் முன்னே போகச் சொன்னால் போகிறான், ஆனால் தப்பான நேரத்தில் போய்விடுகிறான், அவன் விட்டுப்போன இடத்தில் கோல் விழுகிறது. போகாதே என்றால் முன்னால் இருப்பவன் தனியாகிவிடுகிறான். நீ மைதானத்தில் நிற்கும்போது, இப்போது போகலாம், இப்போது கூடாது என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறாய்? நடுவில் நிற்பவனைப் பார்த்தா, எதிரில் நிற்பவனைப் பார்த்தா? வரும் வாரம் எங்களுக்குப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் அணியோடு ஆட்டம். அதற்குள் எனக்குப் போன் செய்து சொல். நீ சொல்லும் வரை நான் அந்த ஆட்டத்தைத் தொடங்கப் போவதில்லை.

அன்புடன்,
அம்மா