கிணறு எங்கே போச்சு? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதுவது.

புனலூரிலிருந்து நீ அனுப்பிய இடிந்த வீடுகளின் 42 படமும் வந்து சேர்ந்தது. கடையைச் சாத்திவிட்டு ராத்திரி பெரிய திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உன் கண் நல்ல கண். போனில் இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் சாரல் காலத்தில் கேமராவோடு மலையேறும் பிள்ளைகள் எல்லாரும் இதே இடிந்த வீடுகளைத்தான் தேடிப் போகிறார்கள், எல்லாரும் உன்னை மாதிரியேதான் படத்தின் ஓரத்தை வெட்டுகிறார்கள். அதனால் அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஏழாவது படத்தை எடுத்துக்கொள். ஆரியங்காவு தாண்டி இடப்பாளையம் போகிற வழியில், ரயில் பாதை ஓரத்துப் பழைய குடியிருப்பு. கருங்கல் சுவர், பாதி சரிந்த ஓட்டுக் கூரை, ஜன்னலைப் பிளந்துகொண்டு வந்த அரசங்கன்று. சதுரமாக வெட்டியிருந்தாய். பார்த்தால் ஏதோ நடுக்காட்டில் நிற்கிற வீடு மாதிரி இருந்தது. வெட்டாத மூலத்தை அனுப்பச் சொன்னேன் அல்லவா? அதில் வலது ஓரத்தில் சல்லிக்கல் மேடு, கான்கிரீட் கட்டை, பளபளவென்று தண்டவாளம். இடது ஓரத்தில் ஒரு முருங்கை மரம். காய் பிடித்துத் தாழ்ந்த கிளைக்கு யாரோ கவைக்கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் எப்படியப்பா வெட்ட மனசு வந்தது?

செங்கோட்டை–புனலூர் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தது 1904இல். நூறு வருஷத்துக்கு மேல் மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை வண்டிதான் அந்த மலையில் ஏறி இறங்கியது. 2010 செப்டம்பரில் அது நின்றது. அகலப்பாதை போட்டு முழுப் பாதையிலும் மறுபடி ரயில் விட்டது 2018இல். நடுவில் எட்டு வருஷம். அந்த வீடு ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்டால், பதில் அந்த வலது ஓரத்தில் கிடக்கிறது. நீ அதைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறாய். முருங்கைக்கு முட்டுக் கொடுத்தவர் இன்னும் அந்தப் பக்கம் வந்து போகிறார். வீட்டைத்தான் விட்டுவிட்டார்கள், மரத்தை விடவில்லை.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பிலிம் காலம். புளியரையில் ஒரு வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று அந்தக் குடும்பம் என்னை அழைத்துப் போய்ப் படம் எடுக்கச் சொன்னது. முற்றம், திண்ணை, பக்கவாட்டில் கிணறு, துவைகல், எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி தள்ளி நின்று எடுத்தேன். சுவரில் மாட்ட 10க்கு 12 அங்குல அளவில் கேட்டார்கள். 35 எம்எம் பிலிமில் ஒரு படம் 36 மில்லிமீட்டர் அகலம், 24 உயரம். அதை 10க்கு 12 ஆக்கினால் அகலத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. வீடு நடுவில் வரட்டும் என்று நானே முடிவு பண்ணி ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன்.

படத்தை மாட்டின அன்றைக்கு அந்த வீட்டு ஆச்சி கிட்டே வந்து நின்றார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு விரலைச் சட்டத்துக்கு வெளியே, வெறும் சுண்ணாம்புச் சுவரில் வைத்து, “எய்யா, இங்கனதான நம்ம கெணறு கெடந்துச்சு?” என்றார்கள்.

கோபமே இல்லை. நிஜமாகவே கேட்டார்கள். கிணற்றுக்குள் கயிறு விட்டுக் கையெல்லாம் காய்த்துப்போன மனுஷி. அந்த விரல் சுவரில் இருந்த இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். நல்லவேளை நெகட்டிவ் இருந்தது. 8க்கு 12இல் ஓரம் விடாமல் முழுசாகப் போட்டேன். அந்த அளவுக்குச் சட்டம் இல்லை என்று கண்ணாடிக் கடைக்காரர் சொல்ல, சுற்றி வெள்ளை அட்டை வைத்து மாட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் எதையும் வெட்டினதில்லை.

வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் படத்தை யாரும் வெட்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். ஆனால் அவரே 1932இல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டுகிற மனிதனை எடுத்தாரே, அந்தப் படமே வெட்டினதுதான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டது. உன் பத்தொன்பதாவது படத்தில் மேலே மூன்றில் ஒரு பங்கு வெறும் வெள்ளை வானம். அதைத் தாராளமாக எடு, வீடு தன்னால் கனமாக உட்காரும். ஆனால் இருபத்தாறில் முகப்பின் உச்சியை வெட்டியிருக்கிறாயே, அங்கே சுதையில் ஒரு சங்கு இருப்பதைக் கவனித்தாயா? திருவிதாங்கூர் சங்கு. நம் செங்கோட்டையே அந்த ராஜ்ஜியத்தில் இருந்த ஊர்தான், 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஒரு அங்குலம் மேலே விட்டிருந்தால் கட்டடம் தன் வயசைத் தானே சொல்லியிருக்கும்.

ரொம்ப வெட்டினால் அச்சுக்கும் உதவாது. உன் போன் படம் 4000க்கு 3000 புள்ளி (பிக்சல்). சில படத்தைச் சுருக்கிச் சுருக்கி 1500க்குக் கொண்டுவந்து விட்டாய். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் ஐந்து அங்குலத்துக்கு மேல் நன்றாக வராது.

இன்னொன்று, சுவர் சாய்வது. கூரை முழுக்க வரவேண்டும் என்று போனை அண்ணாந்து பிடிக்கிறாய். அப்போது இரண்டு பக்கச் சுவரும் உள்பக்கம் சாய்ந்துகொள்ளும். மாடி வீட்டுக்கு அது பரவாயில்லை. இடிந்த வீட்டுக்கு ஆகவே ஆகாது, ஏனென்றால் நிஜமாகவே சுவர் சாய்ந்திருக்கிறதா, உன் கை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. பின்னால் போ. மேட்டில் ஏறி நில். போனைச் செங்குத்தாகப் பிடி. அப்படியும் சாய்ந்தால் செயலியில் நேராக்கிக்கொள்ளலாம், ஆனால் அது மூலைகளைத் தின்றுவிடும். அதற்காகவே சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டு எடு.

முப்பத்தொன்றாவது படத்தில் ஜன்னல் திண்டில் ஒற்றைச் செருப்பு. மருமகனே, அது நீ எடுத்து வைத்ததுதானே? திண்டு முழுக்கப் பாசி, மழை ஈரம். செருப்பு மட்டும் காய்ந்து கிடக்கிறது. வேண்டாமப்பா. அந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுப்போனது விட்ட இடத்திலேயே கிடக்கட்டும். நீ இடம் மாற்றிய செருப்பு அப்புறம் அவர்களுடைய செருப்பு இல்லை. கரி படிந்த அடுப்படிச் சுவரை நீ தொடாமல் எடுத்திருக்கிறாய், உன் படங்களில் அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

வெயில் இல்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். மூடின வானம்தான் இதற்குச் சரி. ஜெர்மனியில் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்று கணவன் மனைவி, 1959லிருந்து தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் இப்படி மேகம் மூடின நாளாகப் பார்த்து, நேருக்கு நேர் நின்று, ஒரே மாதிரி எடுத்துக்கொண்டே போனார்கள். நிழல் குறுக்கே விழாமல் ஒவ்வொரு கட்டடமும் தன் முகத்தைக் காட்டும். நமக்கு ஜூன், ஜூலையில் அந்த வெளிச்சம் வாசலுக்கே வருகிறது. கூரை ஓடும் நனைந்து நல்ல சிவப்பில் இருக்கும். உள்ளே போகும்போது மட்டும் கவனம்: ஊறின உத்தரத்துக்குக் கீழே நிற்காதே, பாதை ஓரத்தில் அனுமதி இல்லாமல் இறங்காதே.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் கனத்த அட்டையை ‘ட’ வடிவில் இரண்டாக நறுக்கி உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி இரண்டையும் சேர்த்தால் சட்டம் ஆகும். படத்தைச் சின்னதாக அச்சுப் போட்டு மேஜையில் வைத்து, இரண்டு அட்டையையும் நகர்த்தி நகர்த்திப் பார். திரையில் வெட்டினால் வெட்டினது மறைந்துவிடும். அட்டையில் அப்படியில்லை, தூக்கினால் அடியில் என்ன போகிறது என்று தெரியும்.

ஏழாவது படத்தை வெட்டாமல் 12க்கு 16இல் போட்டுக் கடைச் சுவரில் மாட்டப் போகிறேன். சனிக்கிழமை காலை வண்டியில் வா. முட்டுக் கொடுத்தவர் யார் என்று ஆரியங்காவு டீக்கடையில் கேட்டுப் பார்ப்போம். அவருக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா